பத்தொன்பது சுவிட்ச் பெட்டி

நண்பா,

என் மேசை மேல் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று போன வாரம் வாங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி, பின்னால் யூஎஸ்பி வயர், மூலையில் பச்சையாக ஒரு பொட்டு விளக்கு. இன்னொன்று உன்னுடையது. பிஸ்கட் டின்னுக்குள் பழைய சட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தாய். டின் மூடியை நெம்பித் திறந்ததும் சால்டரிங் பேஸ்ட் வாசனை வந்தது. நாற்பது வருடம் ஒரு வாசனை டின்னுக்குள் உட்கார்ந்திருக்குமா? தெரியவில்லை. என் மூக்கை நான் முழுதாக நம்புவதில்லை, வயது அப்படி.

டின்னைக் கொடுத்தது உன் மகள். உன் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "அங்கிள், அப்பா அலமாரிய கிளியர் பண்ணப்போ கிடைச்சிச்சு. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுன்னு அம்மா சொல்வாங்க. இது ஒர்க் ஆச்சா அங்கிள்? அப்பாகிட்ட கேட்டா சிரிப்பாரு, பதில் சொல்ல மாட்டாரு."

அந்தக் கேள்விக்கு நாற்பது வருடமாக என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. ஒர்க் ஆகவில்லை. உன் அப்பா பிடிவாதம் பிடித்துச் செய்த பெட்டி காலை வாரிவிட்டது. இதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தில் உன் மூக்கு அப்படியே இருக்கிறது. "பார்த்துச் சொல்றேன் மா" என்று சொல்லி டின்னை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குக் குழப்பம்தான்.

டின்னுக்குள் உன் பெட்டியோடு ஒரு துண்டு ஸ்டைரோஃபோம். அதில் குத்தி வைத்த ஒரே ஒரு சிப். சிப்பின் முதுகில் வெள்ளை ஸ்டிக்கர், அதில் உன் கையெழுத்தில் 'நட்சத்திரம்'. அதை ஏன் வைத்திருந்தாய்? நானாக இருந்தால் அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பேன்.

உன் மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குச் சொல்ல ஒத்திகை பார்த்ததை உனக்கும் சொல்கிறேன், தப்பு இருந்தால் சிரித்துக்கொள். அந்தக் காலத்துச் சிப் ஒரு சிலேட்டு மாதிரி. இருபத்தைந்து வோல்ட் கொடுத்து அதில் எழுதலாம். எழுதிக் கொடுக்கும் பெட்டிக்குப் புரோகிராமர் என்று பெயர். எழுதியதை அழிக்க வேண்டுமென்றால் சிப்பின் முதுகில் இருக்கும் சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியாக அல்ட்ரா வயலட் வெளிச்சம் உள்ளே போக வேண்டும். இருபது நிமிடம் போதும். தானாக அழிந்துவிடாமல் இருக்க மற்ற நேரங்களில் சன்னலை ஸ்டிக்கர் ஒட்டி மூடி வைப்போம். அவ்வளவுதான் சமாச்சாரம்.

சிப்பைப் படித்துப் பார்த்தால் அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்லலாமே என்று தோன்றியது. ஜாலான் புசார் பக்கம் போனேன். நாம் பார்ட்ஸ் தேடி அலைந்த கடைகளில் முக்கால்வாசி இப்போது இல்லை. இருந்த ஒன்றில் ஒரு சீனப் பெண்மணி, என் வயதில் பாதி இருக்கும், எந்த மைக்ரோகன்ட்ரோலருக்கு எழுத வேண்டும் என்று கேட்டார். எழுத வேண்டாம், பழைய சிப் ஒன்றைப் படிக்க வேண்டும் என்றேன். இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று மலிவு, இந்தக் காலத்துச் சிப் எல்லாவற்றுக்கும் எழுதும், ஆனால் பதினெட்டு வோல்ட்டைத் தாண்டாது. மற்றது இருபத்தைந்து வரை போகும். படிப்பதற்கு ஐந்து வோல்ட் போதும், உங்களுக்கு எதற்கு இருபத்தைந்து என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் இருபத்தைந்து வோல்ட் இல்லாத ஒரு பெட்டியை உன் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. கையில் ஒன்று, மேசையில் ஒன்று என்று அரை மணி நேரம் நின்று, கடைசியில் இருபத்தைந்து வோல்ட் பெட்டியையே வாங்கினேன். நீ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். "ரெண்டும் வேணாம் லா, நாமே செஞ்சிடலாம்."

அப்போதும் அதையேதான் சொன்னாய். எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம், ஜூரோங்கில் ரேடியோ தொழிற்சாலையில் இருவரும் டெக்னீஷியன்கள். கிளமெண்டி அடுக்குமாடி வீடுகளில் நீ ஒரு புளோக், நான் பக்கத்துப் புளோக். கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து நாம் பேசியதெல்லாம் ஒரே விஷயம்தான். இந்த வேலையை விட்டுவிட்டு சிராங்கூன் சாலையில் ஒரு சின்னக் கடை. கடைகளுக்கு எரிந்து அணையும் விளக்குப் பலகை செய்து கொடுப்பது. அறுபத்துநாலு பல்பு, எட்டுக்கு எட்டு. எந்தப் பல்பு எப்போது எரிய வேண்டும் என்பதைச் சிப்பில் எழுதிவிட்டால் படம் மாறி மாறி வரும். பெயிண்ட் அடித்த பலகை மட்டும் பார்த்துப் பழகிய தெருவில் அது எடுபடும் என்று இருவருமே நம்பினோம்.

தகராறு புரோகிராமரில்தான் வந்தது. கடையில் விற்பதை வாங்கலாம் என்றேன் நான். எழுதும், எழுதியதைத் திருப்பிப் படித்துச் சரியா என்றும் சொல்லும். இரண்டு மாதச் சம்பளம். "ஒரு பெட்டிக்கு ரெண்டு மாசச் சம்பளமா? உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் மச்சான்" என்றாய். சுங்கை ரோட்டில் பழைய சாமான்களைக் கிளறி சுவிட்சுகளாகப் பொறுக்கினாய். பதினொன்று, எந்த இடத்தில் எழுதுவது என்று சொல்ல. எட்டு, என்ன எழுதுவது என்று சொல்ல. ஆக மொத்தம் பத்தொன்பது, ஒரு சிவப்புப் பொத்தான். இருபத்தைந்து வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர்கூட வாங்கவில்லை. சதுரமான ஒன்பது வோல்ட் பாட்டரி மூன்றைத் தொடர்ச்சியாக இணைத்தால் இருபத்தேழு, அதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் ஆயிற்று. வோல்ட் குறைந்தால் எழுதாது, கூடினால் சிப் போச்சு. அதோடு உன் பெட்டி எழுத மட்டும்தான் செய்யும், திருப்பிப் படிக்காது. "படிக்கிற பார்ட் அப்புறம் செய்யலாம் லா" என்றாய்.

எப்படி எழுதினோம் என்பது ஞாபகம் இருக்கிறதா? உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் கட்டம் போட்ட நோட்டை வைத்துக்கொண்டு படிப்பேன். "மேலே, மேலே, கீழே, மேலே." நீ சுவிட்சுகளைத் தட்டுவாய், பொத்தானை அழுத்துவாய். ஒரு படத்துக்கு எட்டு வரி, மொத்தம் பன்னிரண்டு படம். அடுக்களையிலிருந்து உன் மனைவி எட்டிப் பார்த்து, "ஜெபமாலை சொல்ற மாதிரியே இருக்கு, நடுவுல ஒரு ஆமென் போட்டுக்கோங்க" என்பாள். நீ நிஜமாகவே போட்டாய். கடைசி வரி முடிந்ததும் பொத்தானை அழுத்திவிட்டு ஆமென். நானும் சேர்ந்து சொல்லியிருக்கிறேன்.

முதல் வேலை தீபாவளிக்கு. குத்துவிளக்கு, சுடர் மெல்ல உயர்ந்து வளரும். என் சித்தப்பாவின் மளிகைக் கடை வாசலுக்காகச் செய்தோம். அதை எழுதி முடித்தது ஆயுத பூசைக்கு முந்தைய நாள். பூசை என் வீட்டில். சால்டரிங் அயர்ன், மீட்டர், உன் பத்தொன்பது சுவிட்ச் பெட்டி, எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான்தான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சிப்புக்கும் வைத்தேன். முதுகில் வேறு இடம் இல்லை, கட்டைவிரலால் அந்தக் கண்ணாடிச் சன்னல் மேலேயே ஒரு அப்பு. நீ பொரியையும் சுண்டலையும் மென்றுகொண்டே குனிந்து பார்த்தாய். "இனி ஸ்டிக்கர் எதுக்கு? இதுவே போதும், வெளிச்சம் உள்ளே போகாது" என்று சிரித்தாய். இருவரும் சிரித்தோம்.

தீபாவளிக்குப் பலகை நன்றாகவே எரிந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். உன் பங்குக் கோயிலுக்குச் சேதி போய், கிறிஸ்துமஸுக்கு ஒரு நட்சத்திரம் செய்து தர முடியுமா என்று ஃபாதர் கேட்டார். நீ கம்பெனி பஸ்ஸில் அன்று உட்காரவே இல்லை, நின்றுகொண்டே பேசினாய். சிராங்கூன் சாலைக் கடைக்காரர்கள் இரண்டு பேர் உன் கோயிலுக்கு வருகிறவர்கள். அவர்கள் பார்த்தால் ஆர்டர் வரும். நட்சத்திரம் எரிந்தால் ஜனவரியில் இருவரும் ராஜினாமா என்று கையடித்துக்கொண்டோம்.

இரண்டாவது சிப் வாங்குவானேன் என்று அதே சிப்பை அழித்து எழுதுவதாக ஏற்பாடு. அழிக்கும் விளக்கையும் நீயே ஒரு டின்னுக்குள் பொருத்தியிருந்தாய். நட்சத்திரம் ஏற்ற வேண்டிய நாளன்று நான் உன் வீட்டுக்கு வந்தபோது டின் மூடியிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருபது நிமிடம் ஆயிற்று, நாற்பது ஆயிற்று. "இன்னும் எவ்வளவு நேரம்பா?" என்றேன். "இருக்கட்டும் மச்சான், கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்றாய். இரண்டு மணி நேரம் வைத்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏதோ டியூப் பழசு என்று நானாக நினைத்துக்கொண்டேன். பிறகு நான் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "மேலே, கீழே" படித்தேன், நீ தட்டினாய், ஆமென் சொன்னோம். பலகை ஏற்கனவே கோயில் முகப்பில் ஏற்றியிருந்ததால் வீட்டில் போட்டுப் பார்க்க வழியில்லை.

மாலை ஏழு மணிக்குக் கோயில் முற்றத்தில் நல்ல கூட்டம். ஃபாதர் தலையசைக்க, நீ பிளக்கைச் சொருகினாய். நட்சத்திரம் வரவில்லை. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று கண்டபடி பல்புகள் எரிந்தன. நடுவில் என்னவோ குத்திக்கொண்டு நின்றது, பக்கத்தில் என்னவோ துடித்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முன் வரிசையில் ஒரு அம்மா, "என்ன ஃபாதர், கடைத்தெரு லைட்ட வாடகைக்கு எடுத்தீங்களா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அந்த இரண்டு கடைக்காரர்களும் சிரித்தார்கள். ஒரு நிமிடம்கூட இருக்காது, நீ பிளக்கைப் பிடுங்கிவிட்டாய். ஃபாதர் உன் தோளைத் தட்டி, பரவாயில்லை என்று சொல்லி, பழைய காகித நட்சத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

ஏணியடியில் வைத்து நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. எனக்கு மறக்கவில்லை. "மூணு பாட்டரிய நம்பினா இப்படித்தான். உன் பெட்டிய நம்பி வந்தேன் பாரு, என் புத்திய செருப்பால அடிக்கணும்." நீ ஏணியில் ஏறினாய். சிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய்.

ஜனவரியில் நான் மட்டும் ராஜினாமா கொடுத்தேன். கடன் வாங்கி, விலைக்கு விற்கும் புரோகிராமர் வாங்கினேன். சிராங்கூன் சாலையின் சந்து ஒன்றில் கடை போட்டேன், ஓடியது. நீ ஜூரோங்கிலேயே இருந்துவிட்டாய், ஓய்வு பெறும் வரை. ஒரே ஒரு தடவை கடைக்கு வந்தாய். என் புரோகிராமரைக் கையால் தடவிப் பார்த்து, "இது திருப்பிப் படிக்குமா?" என்று கேட்டாய். படிக்கும் என்றேன். "நல்லாருக்கு" என்றாய். அதில் குத்தல் இருந்ததா என்று இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை. உன் குரலில் குத்தல் எப்போதுமே இருந்ததில்லை, அதுதான் தொல்லை. அதற்குப் பிறகு கல்யாணத்துக்கும் சாவுக்கும் பார்த்துக்கொண்டோம்.

நேற்றுக் காலை சிப்பைப் புதுப் பெட்டியில் வைத்தேன். கம்ப்யூட்டர் திரையில் 'படி' என்று ஒரு பொத்தான், ஒட்டிக்கொண்டு பக்கத்திலேயே 'எழுது' என்று இன்னொன்று. மாற்றி அழுத்தினால் உன் எழுத்துப் போய்விடும். மூன்று தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டு அழுத்தினேன். எண்கள் வந்தன. கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தேன், பழைய மாதிரியே. ஒவ்வொரு புள்ளியாகப் பென்சிலால் கறுப்பாக்கினேன்.

முதல் படம் முடிந்ததும் என்னவென்று விளங்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது முடிந்த பிறகுதான் நோட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். நட்சத்திரம் இருக்கிறது. அதன் நடுவில் குத்துவிளக்கும் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று. சிவப்புப் பென்சிலால் விளக்கையும் நீலத்தால் நட்சத்திரத்தையும் பிரித்தேன். விளக்கில் மூன்று புள்ளி குறைகிறது, நட்சத்திரத்தில் இரண்டு. இத்தனை வருடத்தில் சிப் தானாகவே கொஞ்சம் மறக்கும் என்பார்கள். அந்த ஐந்து புள்ளி வயதின் வேலையா, பாட்டரியின் வேலையா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மற்றதெல்லாம் நாம் எழுதியபடியே அசையாமல் நிற்கிறது. உன் பெட்டி எழுதியிருக்கிறது, நண்பா. அழியாத சிலேட்டின் மேல் எழுதியிருக்கிறது.

பின் ஏன் அழியவில்லை? இரண்டு மணி நேரம் வைத்தாயே? சிப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு 'நட்சத்திரம்' ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினேன். அடியில், கண்ணாடிச் சன்னலை முழுதாக மூடிக்கொண்டு, காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் கறுத்துப்போன குங்குமம். நான் வைத்த பொட்டு.

அப்போதுதான் இன்னொன்று ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை வருடம் எங்கே போயிருந்ததோ. விஜயதசமி அன்று நீ வேலையைத் தொடங்க வந்தாய். அயர்ன் பிடியில் இருந்த குங்குமம் உன் விரலில் ஒட்டியது. பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு, "துடைச்சிடட்டுமா மச்சான்?" என்று கேட்டாய். "சாமிக்கு வச்சது, துடைக்காதே. தானா போனா போகட்டும்" என்றேன். விளையாட்டாகச் சொன்னேனா, கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் சொன்னேனா, நிச்சயமாகத் தெரியவில்லை. நீ சட்டென்று கையை எடுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு அயர்னைக் குங்குமத்துக்கு ஒரு விரல் கீழே தள்ளித்தான் பிடித்தாய். அதைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

ஆக, நீ துடைக்க மறந்துபோனாயா? அவசரத்தில் மறந்திருக்கலாம், மூன்று ஷிஃப்ட் பார்த்த வாரம் அது. இல்லை, மறக்கவில்லையா? மறந்தவன் இருபது நிமிடத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் வைப்பானா? வெளிச்சம் உள்ளே போகாது என்று சொன்னவனே நீதானே. ஒரு தடவை பஞ்சால் ஒற்றியிருந்தால் தீர்ந்தது. நண்பன் சாமிக்கு வைத்ததைத் தொடக் கூடாது என்று, விளக்கை மட்டும் கூடுதலாக எரியவிட்டாயா? சரி, அப்படியே இருக்கட்டும், ஏணியடியில் நான் அவ்வளவு பேசியபோது, "நீ வச்ச பொட்டுதான்டா காரணம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வீட்டுக்குப் போய் ஸ்டிக்கரைக் கிளப்பிப் பார்த்தாயா? பார்க்காமலேயே தெரிந்ததா? திருப்பிப் படிக்கும் பெட்டி வாங்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்பதும் நிஜம்தான், அதில் நான் சொன்னது சரி. சரியாகச் சொன்னது நான், கெடுத்ததும் நான், பழி மட்டும் உனக்கு. எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடையில் இத்தனை வருடம் ஓடிய ஒவ்வொரு பலகையும் இப்போது என்னைப் பார்த்து என்னவோ கேட்கிற மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் உன் மகளைப் போனில் கூப்பிட்டேன். "ஒர்க் ஆச்சு மா" என்றேன். "உங்க அப்பா பெட்டி சரியாத்தான் எழுதியிருக்கு."

"அப்புறம் ஏன் அங்கிள் ஃபெயிலாச்சு?"

"நான் வச்ச பொட்டுதான் மா." ஆயுத பூசையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏணியடியில் சொன்னதையும் விடவில்லை.

"அப்பா தெரிஞ்சேதான் துடைக்காம விட்டாரா அங்கிள்?"

"தெரியலை மா" என்றேன்.

அவள் பையன் அந்தச் சிப்பில் புதுசாக ஒரு நட்சத்திரம் எழுதிப் பார்க்க வேண்டுமாம், உன் பெட்டியில், உன் சுவிட்சுகளில். வரும் ஞாயிறு கிளமெண்டிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். எழுத வேண்டுமென்றால் முதலில் அழிக்க வேண்டும். அழித்தால் உன் நட்சத்திரமும் என் விளக்கும் சேர்ந்தே போகும். நோட்டில் மட்டும் இருக்கும். பஞ்சும் ஸ்பிரிட்டும் மேசையில் எடுத்து வைத்தாயிற்று. சிப் என் உள்ளங்கையில் இருக்கிறது, பொட்டு மேல் பக்கம் பார்க்க. காலையிலிருந்து இப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

துடைச்சிடட்டுமா மச்சான்?